குரைப்புக் கணக்கு

ஜூன் 3, திங்கள்

காலையில் கதவிடுக்கில் ஒரு கடிதம் செருகியிருந்தது. எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் தண்டபாணி சார் எழுதியது. அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும் மனிதருக்குச் சுற்றறிக்கை எழுதும் வியாதி விடவில்லை. 'சி பிளாக் இரண்டாம் மாடியிலிருந்து தொடர்ந்து எழும் சத்தம் குறித்து' என்று தலைப்பு. முப்பது நாள் அவகாசம். அதற்குள் சரிசெய்யாவிட்டால் வீட்டு ஓனரிடம் பேசி எங்களைக் காலி செய்யச் சொல்வார்களாம்.

சத்தம் என்றால் சுக்குதான். வேறென்ன. இரண்டு வயது நாட்டு நாய். நிறமும் உடம்பும் காய்ந்த சுக்கு மாதிரி இருந்ததால் அந்தப் பெயர். மழையில் ஸ்கூல் வேன் சக்கரத்துக்கடியில் ஒண்டிக்கிடந்த குட்டியை மிருதுளா தூக்கிக்கொண்டு வந்தாள். கீழே விடச் சொன்னால் விடவில்லை. அன்றிலிருந்து இங்கேதான் இருக்கிறது.

மிருதுளாவுக்குப் பன்னிரண்டு வயது. பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்று மூன்று வயதிலேயே சொல்லிவிட்டார்கள். கோபம் வந்தால் கத்துவாள், சந்தோஷம் வந்தாலும் கத்துவாள். சுக்குவுக்கென்று மட்டும் தனியாக ஒரு சத்தம் வைத்திருக்கிறாள். 'ஏஏ...ய்' என்று அடியிலிருந்து மேலே ஏறும். அதைக் கேட்டால் சுக்கு எங்கே கிடந்தாலும் நாலு குரை குரைத்துவிட்டு ஓடிவந்து அவள் பாதத்தின் மேல் படுத்துக்கொள்ளும். ஒரு ஆளை வேண்டுமென்று கூப்பிட அவளிடம் இருப்பது அந்த ஒரு சத்தம்தான், மற்ற பேச்சு வருவதானால் அதிலிருந்துதான் வரும், அதை விட்டுவிடாதீர்கள் என்று ஸ்பெஷல் ஸ்கூல் டீச்சர் சொல்லியிருக்கிறார். என்னை அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. அதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

இது ஐந்து வருஷத்தில் நாலாவது வீடு. முதல் வீட்டில் தண்ணீர்ப் பிரச்சினை. இரண்டாவதில் ஓனர் மகனுக்குக் கல்யாணம். மூன்றாவதில் பெயின்ட் அடிக்க வேண்டும் என்றார்கள். இனிமேல் சாமான் தூக்க என்னால் ஆகாது.

ஜூன் 5, புதன்

இட்லிக்கு ஊறப்போட்டேன். கேஸ் வந்தது.

நான் மில்லில் பதினொரு வருஷம் ஸ்பின்னிங் சூப்பர்வைசராக இருந்தவள். மிருதுளாவுக்காக வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. அங்கே மணிக்கு எத்தனை இழை அறுந்தது என்று நோட்டில் எழுதுவோம். எண்ணாமல் எதையும் சரிசெய்ய முடியாது. பரணிலிருந்த பழைய ஷிப்ட் நோட்டை எடுத்துக் கோடு போட்டேன். மணி, குரைப்பு, எவ்வளவு நேரம் என்று மூன்று கட்டம். இன்று முப்பத்தோரு தடவை. வேன் வந்து மிருதுளாவை விட்டுவிட்டுப் போகும் ஒரு மணியிலிருந்து ஆறு மணி வரைதான் அதிகம்.

மிருதுளாவின் அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் ஓசூரில் வேலை பார்க்கிறார். நாயை எங்காவது விட்டுவிடு என்றார். போன மாதம் அவருக்கு வேலை அதிகம், வரவில்லை. இந்த மாதமும் அதிகம்தானாம்.

ஜூன் 8, சனி

நாய்ப் பயிற்சியாளர் ஜெரால்டு வந்தார். கட்டம் போட்ட சட்டை, நிமிர்ந்த நடை. பெரிய பெரிய பங்களா நாய்களையெல்லாம் பழக்கியவராம். சுக்குவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. என் நாயை நான்தான் கிண்டல் செய்யலாம்.

பையிலிருந்து ஒரு கழுத்துப் பட்டையை எடுத்தார். கரண்ட் பெல்ட். உள்பக்கம் இரண்டு இரும்பு முள், தோலைத் தொட்டுக்கொண்டு நிற்கும். கையில் ஒரு குட்டி ரிமோட். ஒன்றிலிருந்து பத்து வரை எண். குரைத்த உடனே, ஒரு நொடிகூடத் தாமதிக்காமல், அழுத்த வேண்டும். மூன்றில் வைத்துக் கொடுத்தார்.

"வலியெல்லாம் இல்லீங்க மேடம். போன் வைப்ரேட் ஆகற மாதிரிதான். வேண்டாம்னு நாய்க்குச் சொல்றதுக்கு ஒரு பாஷை, அவ்வளவுதான்."

என் உள்ளங்கையில் ஒன்றில் வைத்துக் காட்டினார். எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. மூன்றில் வைத்துப் பார்க்கட்டுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

முதல் தடவை அழுத்தியபோது சுக்கு துள்ளிப்போய்ச் சுவரில் மோதியது. பிறகு சுற்றுமுற்றும் பார்த்தது. என்னைப் பார்க்கவில்லை. நான் ரிமோட்டை நைட்டிப் பைக்குள் வைத்திருந்தேன். ஜெரால்டு அப்படித்தான் சொல்லியிருந்தார், தண்டனை எங்கிருந்து வருகிறதென்று நாய்க்குத் தெரியக்கூடாதாம்.

மிருதுளா சோபாவில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

குரைப்பு 22. அழுத்தியது 22.

ஜூன் 11, செவ்வாய்

யாரோ பெல்ட்டைப் பார்த்துவிட்டார்கள் போல, வாட்ஸப் குழுவில் என் வீட்டு நாயை வைத்துப் பட்டிமன்றம். ஏ பிளாக்கில் ஒருவர், கரண்ட் வைத்துப் பழக்குவது கொடுமை, பல நாடுகளில் தடையே செய்திருக்கிறார்கள், தின்பண்டம் கொடுத்துப் பழக்கினாலே போதும் என்று எழுதினார். இன்னொருவர், அப்படியானால் உங்கள் வீட்டில் கொண்டுபோய் வைத்துத் தின்பண்டம் கொடுங்கள் என்றார். மொத்தம் நாற்பத்திரண்டு செய்தி. இரண்டு பேர் பூனைப் படம் போட்டார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்பாகச் சொல்லிப் பழக்க ஆறு மாதம் ஆகும் என்கிறார்கள். எனக்கு இருப்பது இருபத்திரண்டு நாள். அன்பு யாருக்கு இல்லை. நாள்தான் இல்லை.

குரைப்பு 17.

ஜூன் 14, வெள்ளி

குரைப்பு 12. அழுத்தியது 12. மிருதுளா சாயங்காலம் சுக்குவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் பக்கத்தில் சீப்போடு உட்கார்ந்திருக்கிறேன், என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு தடவை ரிமோட் ஆறில் இருந்திருக்கிறது. கை தவறி.

ஜூன் 16, ஞாயிறு

மிருதுளாவின் அப்பா வந்தார். மூன்று மணி நேரம் இருந்தார். கோழிக்குழம்பு வைத்தேன். வீடு அமைதியாக இருக்கிறது, இப்போதுதான் உட்கார முடிகிறது என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்படியே இருந்தால் அடுத்த மாதம் இரண்டு நாள் தங்குவதாகச் சொன்னார்.

குரைப்பு 8.

ஜூன் 19, புதன்

சரியான வெயில். ஒரு மணிக்கு வேன் ஹாரன் கேட்டதும் சுக்கு எழுந்துபோய்க் கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டது. நிழல் தேடுகிறது போல. மிருதுளா குனிந்து பார்த்து 'ஏஏ...ய்' என்றாள். அது இருந்த இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டது. துடைத்தேன். பினாயில் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

குரைப்பு 4. அதில் ஒன்று வெறும் முனகல், இருந்தாலும் அழுத்தினேன்.

ஜூன் 21, வெள்ளி

மிருதுளாவைக் குளிப்பாட்டும்போது பார்த்தேன், இடது மணிக்கட்டு கன்றிப்போயிருக்கிறது. வேனில் இடித்துக்கொண்டிருப்பாள். தேங்காய் எண்ணெய் தடவினேன்.

குரைப்பு 1.

ஜூன் 22, சனி

குரைப்பு 0.

மிருதுளாவும் இன்று சத்தமே போடவில்லை. பகல் முழுக்க. டி.வி.யில் அவளுக்குப் பிடித்த விளம்பரம் வந்தது, அதற்கும் கத்தவில்லை. அவளை அமைதிப்படுத்த ஸ்கூலில் தரும் பயிற்சிகள் பலிக்க ஆரம்பித்துவிட்டன என்று டீச்சரிடம் திங்கட்கிழமை சொல்ல வேண்டும். எத்தனை வருஷம் கழித்து மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்கினேன் தெரியுமா. யாரைக் கேட்கிறேன்?

ஜூன் 24, திங்கள்

நோட்டில் இருந்ததை ஒரு தாளில் அழகாகக் கட்டம் போட்டு எழுதிக்கொண்டு தண்டபாணி சாரைப் பார்க்கப் போனேன். முப்பத்தொன்றிலிருந்து சைபர் வரை இறங்கும் கோடும் வரைந்திருந்தேன். மில்லில் இப்படி ஒரு கோடு காட்டினால் மேனேஜர் டீ வாங்கித் தருவார். சார் கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு, மற்றவர்களுக்கும் முன்மாதிரியாக இருக்கட்டும் என்று நோட்டீஸ் போர்டிலேயே குத்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"பாப்பாவும் அமைதியாயிட்டாங்க பாருங்க. அதுதானுங்க அம்மிணி எல்லாருக்கும் நிம்மதி. நாங்க நாயைச் சொல்லவே இல்லீங்களே. உங்க மனசு நோகுமேன்னுதான் பொதுவாச் சத்தம்னு எழுதுனோம்."

நான் சரிங்க சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாவு அரைத்தேன். பால் பாத்திரத்தைத் தேய்த்தேன். மறுபடி தேய்த்தேன்.

ஜூன் 25, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை. குரைப்பு 0.

ஜூன் 27, வியாழன்

சுக்குவிடம் ஒரு நாற்றம். பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் கழுத்தில் இரண்டு குழி. முள் இருந்த இடத்தில் தோல் அழுகிச் சீழ் கோத்திருக்கிறது. ராத்திரியிலும் கழற்றாமல் விட்டிருக்கிறேன். ஆட்டோ பிடித்துக் கால்நடை டாக்டர் ஃபர்ஹானாவிடம் ஓடினேன். என்னைவிடச் சின்னவர். திட்டுவார் என்று இருந்தேன். திட்டவில்லை, முடியைக் கத்தரித்துப் புண்ணைக் கழுவிக்கொண்டே எப்போது எப்போது அழுத்துவீர்கள் என்று கேட்டார். பெருமையாக நோட்டை நீட்டினேன். ஆம், அப்போதும் பெருமையாகத்தான்.

பக்கம் பக்கமாகப் பார்த்தார். எல்லாம் மத்தியானத்துக்கு மேலேயே இருக்கிறதே, அந்த நேரத்தில் வீட்டில் யார் இருப்பார்கள், குரைப்பதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று கேட்டார். மகள் கூப்பிடுவாள், அதற்குத்தான் குரைக்கும் என்றேன். அவர் கை நின்றுவிட்டது.

"குரைச்சதுக்குத்தான் வலிச்சுதுன்னு நாய்க்குத் தெரியாதுங்க அக்கா. வலி வந்தப்போ யார் குரல் கேட்டுச்சோ, யாரைப் பாத்துச்சோ, அவங்கதான் வலி குடுத்தாங்கன்னு நெனச்சுக்கும். உங்க பாப்பா கூப்பிடறப்பெல்லாம் அதுக்குக் கழுத்துல அடி விழுந்திருக்குது."

மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். பெல்ட்டை இனிமேல் போடக்கூடாது என்றார்.

ஜூன் 28, வெள்ளி

நோட்டில் நாலாவது கட்டம் ஒன்று போட்டேன். 'மிருதுளா கூப்பிட்டது.' ஞாபகம் இருந்தவரை ஒவ்வொரு நாளாக நிரப்பினேன். ஒன்பதாம் தேதி, பத்து, பதினொன்று. பத்துக்கு ஒன்பது தடவை அவள் கூப்பிட்டிருக்கிறாள், அது பதில் சொல்லியிருக்கிறது, நான் அழுத்தியிருக்கிறேன். குரைப்புக் குறையக் குறைய அவள் கூப்பிட்டதும் குறைகிறது. இருபத்திரண்டாம் தேதி இரண்டும் சைபர்.

இழை அறுந்ததை எண்ணுவது பெரிய வேலையில்லை, எதனால் அறுகிறதென்று பார் என்று மில்லில் புதிதாக வரும் பெண்களை எத்தனை தடவை திட்டியிருப்பேன். என்னைத் திட்ட யாரும் இல்லை.

மத்தியானம் ரிமோட்டை எடுத்து ஷெல்ஃபில் வைக்கப் போனேன். மிருதுளா சோற்றுத்தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சுக்கு கதவோரம் எட்டிப் பார்த்தது, கழுத்தில் கட்டோடு. அவள் வாய் திறந்தது. அடுத்த நொடி அவள் கண் என் கைக்கு வந்தது. ரிமோட்டுக்கு. உடனே இடது மணிக்கட்டை வாயில் வைத்துக் கடித்தாள். கடித்தபடியே என்னைப் பார்த்தாள். சத்தம் உள்ளேயே போய்விட்டது.

வேனில் இடித்துக்கொள்ளவில்லை. பல் தடம். ஒன்றன்மேல் ஒன்றாக எட்டு, பத்து.

இவளுக்கு ஒன்றும் புரியாது என்று எத்தனை டாக்டர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். முதல் நாளே புரிந்திருக்கிறது. நாய்க்குப் புரியாதது, எனக்குப் புரியாதது, அவளுக்குப் புரிந்திருக்கிறது. தான் கூப்பிட்டால் அம்மா சுக்குவைக் கரண்ட்டால் சுடுகிறாள்.

சனி, 29

சில விஷயங்களை இதில் தப்பாக எழுதியிருக்கிறேன். இது என் நோட்டு, எனக்கே பொய் எழுதி என்ன ஆகப்போகிறது.

தண்ணீர்ப் பிரச்சினை இல்லை. ஓனர் மகனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அவனுக்கு அப்போது பதினான்கு வயது. மூன்று வீட்டிலும் மிருதுளாவின் சத்தத்துக்காகத்தான் போகச் சொன்னார்கள். இந்தக் கடிதம் வந்த அன்றே எனக்குத் தெரியும், நாயை அல்ல என்று. நாயை அடக்க ஒரு பெல்ட் கிடைக்கும். அதனால் நாய் என்று வைத்துக்கொண்டேன்.

பதினான்காம் தேதி கை தவறவில்லை. ஆறுக்கு நான்தான் திருப்பினேன். அவள் சுக்குவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், நான் ஒரு ஜடம் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு வருஷம் நான் துடைத்து, ஊட்டி, தூக்கித் திரிகிறேன், கூப்பிடுவது ஒரு தெருநாயை. எனக்குப் பொறாமையாக இருந்தது. எழுதிவிட்டேன்.

ஜூலை 1, திங்கள்

ஜெரால்டு போன் செய்தார். புண் வந்தது பெல்ட்டைக் கழற்றாமல் விட்ட என் தப்பாம். அது உண்மைதான். இன்னும் இரண்டு வாரம் தொடர்ந்தால் நிரந்தரமாகிவிடும், இப்போது விட்டால் பழையபடி ஆகிவிடும் என்றார். பழையபடி ஆக என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. கேலி செய்கிறேன் என்று நினைத்துப் போனை வைத்துவிட்டார்.

மிருதுளாவின் அப்பாவிடமும் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன், ரிமோட்டை ஆறுக்குத் திருப்பியதையும் சொன்னேன்.

"அவ கத்தாம இருக்கறது நல்லதுதானே. இப்பத்தான் எல்லாம் ஒரு வழிக்கு வந்துருக்குது, எதுக்குப் போட்டுக் கெடுத்துக்கறே?"

நான் போனை வைத்துவிட்டேன். அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியவில்லை. பத்து நாள் முன்னால் நானும் மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஜூலை 2, செவ்வாய்

நோட்டீஸ் போர்டிலிருந்து என் தாளைப் பிய்த்து எடுத்தேன். தண்டபாணி சார் மாடிப்படியில் வந்துகொண்டிருந்தார். இந்தக் கணக்கு தப்புங்க சார், என் மகள் சத்தம் போடுவாள், போட வேண்டும், உங்கள் முடிவை எழுத்தில் கொடுங்கள் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. பையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு, கமிட்டியில் பேசுகிறேன் என்று மட்டும் சொன்னார். ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

சாமான் கட்ட அட்டைப்பெட்டி கிடைக்குமா என்று மளிகைக் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜூலை 4, வியாழன்

பெல்ட்டையும் ரிமோட்டையும் டாக்டர் ஃபர்ஹானாவிடமே கொடுத்துவிட்டேன். இதைத் திருப்பிச் சரிசெய்ய வழி சொன்னார். திறந்த வெளிக்குக் கூட்டிப்போக வேண்டும். நாயை நீளக் கயிற்றில் தூரமாக விட்டு, பாப்பா மெதுவாக ஒரு சத்தம் கொடுக்க வேண்டும், கொடுத்த நொடியே நாய்க்கு வேகவைத்த ஈரல் ஒரு துண்டு. அந்தச் சத்தம் கேட்டால் நல்லது வரும் என்று நூறு தடவை, இருநூறு தடவை. மாதக்கணக்கில் ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்றார். பாப்பா சத்தமே கொடுப்பதில்லையே டாக்டர் என்றேன். அவர் யோசித்துவிட்டு, முதலில் நீங்கள் அவள் மாதிரியே கூப்பிட்டுப் பாருங்கள், நாய்க்குப் பயம் தெளிவதைப் பார்த்தால் அவளுக்கும் தெளியலாம் என்றார். தெளியும் என்று சொல்லவில்லை.

டீச்சரும் போன் செய்தார். பன்னிரண்டு நாளாக ஸ்கூலிலும் ஒரு சத்தமில்லையாம். வீட்டில் ஏதாவது நடந்ததா என்று கேட்டார். நடந்தது என்றேன்.

ஜூலை 5, வெள்ளி

ஈரல் கால் கிலோ. சுக்கு என் கையிலிருந்து வாங்கித் தின்றது. அதைச் சுட்டது இந்தக் கைதான், அதற்குத் தெரியாது. வாலைக்கூட ஆட்டியது. அந்த நேரம் மிருதுளா உள்ளே வந்தாள், சுக்கு வாயிலிருந்த ஈரல் துண்டைப் போட்டுவிட்டுக் கட்டிலுக்கடியில் போய்விட்டது. அவள் துண்டை எடுத்துக் கட்டில் ஓரம் வைத்துவிட்டு, எட்டிப் பார்க்காமல் திரும்பிப் போனாள்.

ஜூலை 7, ஞாயிறு

விடிந்ததும் குளத்தங்கரைக்குப் போனோம். நாங்கள் மூன்று பேரும். கரையில் நடக்கிறவர்கள் அந்தப் பக்கம், இந்தப் பக்கம் வெறும் பொட்டல். கயிற்றின் முனையைச் சீமைக்கருவேல மரத்தில் கட்டினேன். மிருதுளாவை மேட்டில் உட்காரவைத்தேன். ஒரு டப்பா நிறைய ஈரல்.

முதலில் எனக்கு வரவில்லை. அவள் சத்தத்தை நான் பன்னிரண்டு வருஷமாக 'உஷ்' என்று அடக்கத்தான் பார்த்திருக்கிறேன், ஒரு தடவைகூடச் செய்து பார்த்ததில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். சின்னதாக 'ஏய்' என்றேன். சுக்குவுக்குக் காது விறைத்தது. ஈரலை வீசினேன். முகர்ந்துவிட்டுத் தின்றது. இன்னொன்று. அதையும் தின்றது. ஆறேழு தடவை. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அவசரக்குடுக்கை நான். அவள் இழுக்கிற மாதிரியே அடியிலிருந்து மேலே ஏற்றி, 'ஏஏ...ய்' என்று முழுசாகக் கூப்பிட்டேன்.

சுக்கு கயிறு அறுந்துவிடும்போல இழுத்துக்கொண்டு ஓடி, முனையில் சுண்டி விழுந்து, அங்கேயே ஒடுங்கிக்கொண்டது.

மிருதுளா மேட்டிலிருந்து ஓடிவந்தாள். சுக்குவிடம் போகவில்லை, என்னிடம் வந்தாள். வந்த வேகத்தில் இரண்டு கையாலும் என் வாயைப் பொத்தினாள். என் பல் உதட்டில் குத்தி ரத்தம் வந்தது. அவள் முகம் என் முகத்துக்கு அவ்வளவு கிட்டத்தில் வந்து பல வருஷம் ஆகிறது. கண் நிறையத் தண்ணீர்.

"இல்லடா கண்ணு. அம்மாகிட்ட இப்ப அது இல்ல" என்று அவள் கைக்குள்ளேயே சொன்னேன்.

என் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அவள் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் சுடிதார் பைக்குள் கையை விட்டுத் தேடினாள். துப்பட்டாவை உதறினாள். கைப்பையைத் தரையில் கொட்டி, சாவி, சீப்பு, மருந்துச் சீட்டு என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஈரல் டப்பாவையும் திறந்து பார்த்தாள். ரிமோட் எங்கேயும் இல்லை.

தேடி முடித்துவிட்டு எழுந்து வந்து என் வாயை மறுபடியும் பொத்திக்கொண்டாள்.